அரைச் சுற்று

"போய்ப் பாருங்க சார். நான் இங்கயே நிக்கிறேன்" என்று ஞானதுரை சொன்னதும் தணிகாசலம் நடக்க ஆரம்பித்தார். எதிரே, காப்பிச் செடிகளுக்கு நடுவில் விட்டிருந்த புல்தரையின் கோடியில், ஒரு கட்டையில் ஆணி அடித்து மாட்டிய வெள்ளை அட்டை மூடுபனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அறுபது தப்படி. ஞானதுரைதான் காலால் அளந்துகொண்டு போய் அட்டையை மாட்டிவிட்டு வந்தார். திரும்பி வரும்போது துளியும் மூச்சு வாங்கவில்லை, எழுபத்து நாலு வயது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது, ஆனால் பள்ளத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி பகலைச் சாம்பலாக்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஞானதுரை சுட்ட சத்தம் தணிகாசலத்தின் காதில் இன்னும் அடங்கவில்லை. அதற்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்டது, அதுதான் அவரை உறுத்தியது. குழலை விட்டுக் கிளம்பிய குண்டு ஒழுங்காகப் போனால் துணியைக் கிழிப்பதுபோல ஒரே இழுப்பில் முடிந்துவிடும். இது அப்படி இல்லை. புதரிலிருந்து காடை கிளம்புவது மாதிரி, விர்ர்ரென்று உதறிக்கொண்டு போயிற்று. ஒருவேளை காடையே கிளம்பியிருக்கலாம். சத்தத்துக்குப் பயந்து ஏதாவது ஒரு பறவை. ஆறு, ஏழு. எட்டாவது தப்படியில்தான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. துப்பாக்கி இரட்டைக் குழல். சுட்டது வலது குழல். இடது குழலில் தோட்டா அப்படியே இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் அரசாங்கப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் துப்பாக்கி நிபுணராக இருந்தவர் அவர். துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, வெறும் குழலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் யாரும் இலக்கின் பக்கம் போகலாம் என்பது அங்கே அவரே எழுதி ஒட்டிய விதி. அதை மீறின ஒரு உதவியாளரை ஒரு மாதம் பேசாமல் தண்டித்திருக்கிறார். இன்றைக்கு அவரே கையை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பிப் போய், "அந்த இன்னொரு தோட்டாவை எடுத்திடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லலாம். அதில் ஒன்றும் அவமானம் இல்லை. ஆனால் திரும்பினால் முகம் தெரியும், முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பயந்தவன் திரும்பிப் பார்த்தான் என்று ஆகிவிடும். எதற்குப் பயப்பட வேண்டும்? சாப்பாடு போட்ட மனிதர். மதியம் தன் கையால் மீன் குழம்பு ஊற்றி, "முள்ளு இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்க" என்று சொன்னவர். முதுகுக்கு நடுவில், கம்பளிச் சட்டைக்கு அடியில், ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சில்லிட்டது. மனைவி சுலோசனாதான் கம்பளியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மலையில் குளிரும், காதை மூடிக்கொள்ளுங்கள் என்றாள். காதை மூடியிருந்தால் அந்த விர்ர் கேட்டிருக்காது. பன்னிரண்டு. இல்லை, பதினொன்று. எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

கடிதம் வந்தது போன மாதம். கட்டம் போட்ட தாளில், சாய்வான எழுத்தில். தோணிமலை எஸ்டேட், கீழ்ப்பழனி மலை. 'தாங்கள் என்னை மறந்திருக்கலாம். என் தகப்பனார் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய வேட்டைத் துப்பாக்கியைத் தாங்கள் ஒருமுறை பரிசோதித்தீர்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்காக இப்போதும் அதற்கு உரிமம் வைத்திருக்கிறேன். ஆனால் குண்டு நேராகப் போவதில்லை. எந்தக் குண்டு அதற்குச் சரி என்று தாங்கள் வந்து சொன்னால் உதவியாக இருக்கும்.' ஓய்வு பெற்று பதினோரு வருடமாக யாரும் அவரிடம் குண்டைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. மருமகன் கேட்பது எல்லாம் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்பதுதான். சந்தோஷமாகக் கிளம்பி வந்துவிட்டார். ஞானதுரை என்ற பெயரைப் படித்தபோது எந்த வழக்கு என்று நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அது விடுதலையான வழக்கு. விடுதலையான மனிதனின் வீட்டுக்குப் போவதில் என்ன தப்பு? காலையில் வராந்தாவில் துப்பாக்கியை மடியில் வாங்கியபோது கைகளுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. சுடுவதற்கு முன் பின்னால் மடக்குகிற இரண்டு குதிரைகள், தேய்ந்த அக்ரூட் கட்டை, கட்டையில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் முதல் எழுத்துகள். அப்புறம் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். துடைக்கும் கம்பியின் நுனியில் ஈரத்துணியை இறுக்கச் சுற்றி, கம்பியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, குழலுக்குள் மெல்லத் தள்ளினார். குழலுக்குள் வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடும், துணி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போகும், கம்பியும் சேர்ந்து சுழலும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பார்த்தால் அந்தத் துப்பாக்கியின் குணம் தெரிந்துவிடும். இந்தக் கம்பி சுழலவே யோசித்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப்போல, அவ்வளவு சோம்பலாக. இருபத்தாறு அங்குலக் குழல் முழுவதும் போய் முடிந்தபோது மேலே இருந்த சாக்கட்டிக் கோடு கீழே வந்திருந்தது, அவ்வளவுதான். அரைச் சுற்று. தணிகாசலம் மறுபடி தள்ளினார். அரைச் சுற்று. மூன்றாவது முறையும் அதே. ஞானதுரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, கம்பியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தார், பாடம் நடத்துகிற குரலில். "இது பழைய காலத்துக் குழல். குட்டையான, லேசான குண்டுக்குன்னு செஞ்சது. அதுக்கு அரைச் சுற்று போதும். குண்டு நீளமாக ஆக, அது தலை சாயாமப் போக இன்னும் வேகமாச் சுத்தணும். இது சுத்தாது." "அப்ப நீளக் குண்டு போட்டா?" என்று ஞானதுரை கேட்டார். "கொஞ்ச தூரத்துலயே தள்ளாடிப் படுத்துக்கும். பக்கவாட்டுல போகும்" என்று சொன்னவர், சொன்ன வாயை மூடுவதற்குள், தன் குரலைத் தானே கேட்டார். பக்கவாட்டுல போகும். ஞானதுரை எழுந்து உள்ளே போய் இரண்டு குண்டுகளைக் கொண்டுவந்து வராந்தாக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தினார். ஒன்று சுண்டுவிரலின் நுனி அளவு. மற்றது அதே பருமன்தான், அரை அங்குலம், ஆனால் இரண்டு கணு நீளம். "குட்டை இப்பத்தான் வாங்கினது. என்கிட்ட முன்னாடியெல்லாம் இருந்தது இந்த நீளம்தான் சார். எங்கப்பா காலத்துலயே ஒரு பெட்டி வார்த்து வச்சது. பெரிய குண்டுன்னா பெரிய அடின்னு நினைச்சார். ஒண்ணு சுட்டுக் காட்டட்டுமா?" காட்டுங்கள் என்று சொன்னது யார்? தணிகாசலம்தான் சொன்னார். பழக்கம் சொல்லிற்று. சந்தேகம் வந்தால் சுட்டுப் பார்க்க வேண்டும். அதைத்தான் அன்றைக்குச் செய்யவில்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் ஒரு காக்கிச் சட்டை. சின்னாண்டி என்கிற தோட்டக் காவலாளின் சட்டை. இடது முதுகில் ஒரு துளை. உருண்டையாக இருக்க வேண்டிய துளை நீளமாக இருந்தது, ஒரு முனை வளைந்தும் மறு முனை தட்டையாகவும், குண்டு படுத்த வாக்கில் தன் நிழலைத் தானே வெட்டிவிட்டுப் போன மாதிரி. குண்டு எதிலாவது பட்டுத் திரும்பினால் இப்படிப் படுத்துப் பாயும். துப்பாக்கி சரியில்லை என்றாலும் பாயும். ஆகவே துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க வேண்டும். கைப்பற்றிய தோட்டாக்கள் இரண்டே இரண்டு. சான்றுப் பொருள். அவற்றைச் சுட வேண்டுமானால் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும், மூன்று வாரம் ஆகும். கூடத்து அலமாரியில் அதே அரை அங்குலத் தோட்டா ஒரு பெட்டி இருந்தது. குட்டைக் குண்டு. குழலுக்குள் கச்சிதமாகப் போயிற்று. அளவு ஒன்றுதானே. மூன்று சுட்டார், மூன்றும் அட்டையில் உருண்டைத் துளை போட்டன. துப்பாக்கி சரி. அப்படியானால் குண்டு எதிலோ பட்டிருக்கிறது. போலீஸ் அனுப்பிய புகைப்படத்தில் ஒரு பாறை இருந்தது, அதில் சாம்பல் நிறத்தில் காசு அளவுக்கு ஒரு கறை இருந்தது. ஈயம் தேய்ந்த கறை மாதிரி. மாதிரி. அந்த மாதிரி என்கிற சொல்லை அவர் அறிக்கையில் எழுதவில்லை. சனிக்கிழமை காலை ரயில், மகளுக்குக் காது குத்து, சுலோசனா இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டாள். கம்பியைக் குழலுக்குள் விட்டு முறுக்கை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம். இன்றைக்குக் காலையில் மூன்று முறை அளந்தும் அவ்வளவு நேரம் ஆகவில்லை. பத்து நிமிடம். கூண்டில் ஏறி நின்றபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், குண்டு பாறையில் பட்டுத் திசை திரும்பிய பிறகே இறந்தவர் மேல் பாய்ந்திருக்கிறது, சரிதானே என்று. பன்றியைச் சுட்டேன், பாறை குண்டைத் திருப்பிவிட்டது என்பதுதான் ஞானதுரையின் வாக்குமூலம். தணிகாசலம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஆம். மூன்று வருடம் நடந்த வழக்கு அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது.

முப்பது இருக்கும். முப்பத்து நாலு இருக்கலாம். புல் ஈரமாக இருந்தது, செருப்பு வழுக்கியது. திரும்பிப் பார்க்காமலே பின்னால் மூடுபனி மூடிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஞானதுரையின் இருமல் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அறுபது தப்படி என்று எதற்குச் சொன்னார்? ஐம்பது என்று சொல்லலாம், நூறு என்று சொல்லலாம். அறுபது என்பது ஒரு கணக்கா? அவர் வாய் அந்த எண்ணை முனகியது, முனகும்போதே அதை வேறொரு இடத்தில் பார்த்த நினைப்பு வந்தது, தட்டச்சு எழுத்தில், மையில் இ என்ற எழுத்து சற்றே மேலேறி அடித்த ஒரு தாளில். 'சுட்டவர் நின்ற இடத்துக்கும் இறந்தவர் கிடந்த இடத்துக்கும் இடைவெளி சுமார் அறுபது தப்படி.' இடது பக்கம் மூடுபனி ஒரு கணம் விலகியது. பாறை. உச்சியில் பிளந்து, பிளவில் ஒரு சின்ன அத்திச்செடி முளைத்திருந்தது. இந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இந்தப் பாறையை அவருக்குத் தெரியும். கறுப்பு வெள்ளையில், கையகலத்தில், மூலையில் கோப்புக் கயிறு போன துளையோடு தெரியும். அத்திச்செடி மட்டும் புதிது. காலடியில் புல் இருந்தது. புல்லுக்கு அடியில் மண். அந்த மண்ணில்தான், சற்று முன்னால், சின்னாண்டி கிடந்தான். அவருக்குக் கால் கூசியது, வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி. சின்னாண்டி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்? முதுகில் பாய்ந்திருக்கிறது என்றால் இந்தப் பக்கம்தான், இப்போது தணிகாசலம் பார்க்கிற பக்கம், அட்டை இருக்கிற பக்கம். நடந்துகொண்டிருந்திருப்பான். இதே மாதிரி. பின்னால் ஒரு ஆள் துப்பாக்கியோடு நிற்பது தெரிந்தோ தெரியாமலோ. ஞானதுரை தோதகத்தி மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டி இறக்கியதை அவன்தான் வனத்துறைக்குச் சொன்னான் என்று அரசுத் தரப்பு வக்கீல் சொல்லிப் பார்த்தார். காரணம் இருந்தால் போதுமா, பாறை இருக்கிறதே என்று நீதிபதி கேட்டார்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டிக். சின்னச் சத்தம். குதிரையை மடக்குகிற சத்தம் அப்படித்தான் இருக்கும். காய்ந்த குச்சி முறிகிற சத்தமும் அப்படித்தான் இருக்கும். தணிகாசலத்தின் கால்கள் நிற்கவில்லை, அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, பயம் என்பது நிறுத்தும் என்று நினைத்திருந்தார், அது நடத்துகிறது. ஓடினால் என்ன ஆகும்? அறுபத்தொன்பது வயதில் ஈரப் புல்லில் ஓடுகிறவனைப் பார்த்தால் சுடாதவனுக்கும் சுடத் தோன்றும். நடப்பதுதான் சரி. நடந்துகொண்டே வேறு எதையாவது நினைக்க வேண்டும். காற்று. ஆமாம், காற்று. மலைமேல் காற்று மெல்லிசு. கனத்த காற்றில்தான் குண்டு சீக்கிரம் தள்ளாடும், மெல்லிய காற்றில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சமவெளியில் கவிழ்கிற நீளக் குண்டு இந்த உயரத்தில் நேராகவே போகலாம். அப்படிப் போனால் அட்டையில் உருண்டைத் துளை இருக்கும். உருண்டைத் துளை இருந்தால் அன்றைக்கும் குண்டு நேராகத்தான் போயிருக்கும், சட்டையில் நீளத் துளை விழப் பாறை வேண்டியிருக்கும், அறிக்கை சரி, கூண்டில் சொன்ன ஆம் சரி, சனிக்கிழமை ரயில் சரி. காற்று அவரைக் காப்பாற்றிவிடும். மெல்லிசாக இரு, மெல்லிசாக இரு என்று அவர் மூடுபனியைப் பார்த்து வேண்டிக்கொண்டார், மனதுக்குள் மகளின் காதில் முதன்முதலாகப் போட்ட தோட்டின் சிவப்புக் கல் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. அவருக்கே தெரியும், அரைச் சுற்றுக்கும் இரண்டு கணுவுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை எந்த மலைக்காற்றாலும் நிரப்ப முடியாது. தெரிந்தும் வேண்டிக்கொண்டார். அட்டை கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

துளை நடுவில் இல்லை, இடது ஓரத்தில் ஒரு சாண் தள்ளி இருந்தது. நீளமாக இருந்தது. ஒரு முனை வளைந்து, மறு முனை தட்டையாக. ஓரத்தில் ஈயத்தின் சாம்பல் மெழுகியிருந்தது. தணிகாசலம் சுண்டுவிரலை அதன்மேல் படுக்கவைத்துப் பார்த்தார். இரண்டு கணு. குழலுக்கும் அட்டைக்கும் நடுவில் புல்லைத் தவிர எதுவும் இல்லை. குண்டு எதிலும் படவில்லை, வெறும் காற்றில் தானாகவே படுத்துக்கொண்டு வந்து, குழல் பார்த்த பக்கமே வந்து, இங்கே பாய்ந்திருக்கிறது. அட்டை கொஞ்சம் காக்கியாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கினார், வெள்ளைதான். பிறகு என்ன தோன்றியதோ, அட்டையை விட்டுவிட்டுப் பாறையிடம் போனார். புகைப்படத்தில் கறை எங்கே இருந்தது என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது, பிளவுக்குக் கீழே, வலது பக்கம். அங்கே அது இருந்தது. இப்போது காசு அளவில் இல்லை, சாப்பிடுகிற தட்டு அளவுக்கு இருந்தது. ஓரம் சுருங்கி, நடுவில் பொரிந்து, சாம்பல் நிறமாக. நகத்தால் கீறினார். ஏடாக உரிந்து வந்தது. முகர்ந்தார். கல்பாசி. சுலோசனா ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் போடுகிற கல்பாசி. இருபத்தேழு வருடமாக அது தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஈயம் வளராது.

"அதுல ஒண்ணும் இல்ல சார்."

குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. ஞானதுரை நாலு தப்படி பின்னால் நின்றுகொண்டிருந்தார். வந்த சத்தமே கேட்கவில்லை. துப்பாக்கி முழங்கை மடிப்பில் கிடந்தது, குழல் தரையைப் பார்த்திருந்தது, ஆனால் திறந்திருக்கவில்லை, இடது குதிரை மடங்கியிருந்ததா என்று இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

"இது பாசி" என்றார் தணிகாசலம். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவருக்கு விசித்திரமாக இருந்தது.

"ஆமா. நான் கல்லைச் சுடலையே."

மூடுபனி இருவருக்கும் நடுவில் வந்து போயிற்று. கேட்காமலே ஞானதுரை பேசினார், மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"அன்னைக்குப் பன்னி ஒண்ணும் இல்ல. வக்கீல்தான் பன்னின்னு சொல்லுங்கன்னாரு, சொன்னேன். கல்லுல பட்டிருக்கும்னு அவருதான் யோசிச்சாரு. எனக்கே அது பொய்யின்னு தெரியும். ஆனா நீங்க கூண்டுல ஏறி ஆமான்னு சொன்னீங்க பாருங்க, படிச்சவரு, மிஷினெல்லாம் வச்சுப் பார்த்தவரு, அன்னைலருந்து எனக்கே சந்தேகமாயிருச்சு. நாம சுட்டது தப்பிப் போயி, கல்லு திருப்பி விட்டிருக்குமோன்னு. ரொம்ப வருஷம் நல்லாத் தூங்கினேன் சார். உங்க புண்ணியம்."

"அப்புறம்?"

"போன மாசம் ஒரு தகரத்தை நிறுத்திச் சுட்டேன். சும்மாத்தான். பக்கத்துல கல்லும் இல்ல, மரமும் இல்ல. தகரத்துல இதே ஓட்டை. அதைப் பார்த்துக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கல்லு போயிருச்சு. நான் மட்டும் மிச்சம்." அவர் துப்பாக்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒருத்தனா வச்சிருக்க முடியல. நீங்க கொடுத்த கல்லு. நீங்களும் பார்த்துட்டுப் போங்கன்னுதான் கூப்பிட்டேன்."

"இதை நான் வெளியே சொன்னா?"

"சொல்லுங்க. முடிஞ்ச கேசு. விட்டது விட்டதுதான்னு வக்கீலோட மகன் சொல்றான், இப்ப அவன்தான் பார்க்குறான்." பங்களாப் பக்கம் தலையை ஆட்டினார். "வாங்க, காப்பி போடச் சொல்லியிருக்கேன். பஸ் அஞ்சரைக்குத்தான்."

அந்தக் காப்பி என்கிற சொல்தான் தணிகாசலத்தை உலுக்கியது. அந்த வராந்தாவில் மறுபடி போய் உட்கார்ந்து, காப்பியை வாங்கிக் குடித்து, சர்க்கரை போதும் என்று சொல்லிவிட்டால் இதுவும் முடிந்துவிடும், இரண்டு பேர் வைத்துக்கொள்கிற பொருளாகிவிடும், வருடத்துக்கு ஒரு கடிதம் வரும், கட்டம் போட்ட தாளில். அவர் கட்டையிலிருந்து அட்டையைப் பிடுங்கினார். ஆணி மூலையைக் கிழித்தது.

"அந்த அம்மா எங்க இருக்காங்க? சின்னாண்டியோட மனைவி."

ஞானதுரை முகவாயால் சரிவைக் காட்டினார். "கீழ மிளகுக் களத்துல இருப்பா. எங்க போவா, என் தோட்டத்துலதான் இருக்கா. நான்தான் வீடு கட்டிக் கொடுத்தேன்."

தணிகாசலம் இறங்க ஆரம்பித்தார். ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் காப்பிச் செடிகளின் ஈர இலைகள் கையில் உரசின. அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், அது எதற்கும் மறைப்பில்லை, முதுகு பின்னால் இருக்கிறது. முதுகு இவ்வளவு அகலமானது என்று அவர் நினைத்ததே இல்லை. இந்தத் துப்பாக்கி இந்தத் தூரத்தில் ஒரு சாண் இடது பக்கம் தள்ளி அடிக்கும். அப்படியென்றால் வலது ஓரமாக நடக்க வேண்டுமா, இடது ஓரமாகவா, ஒரு சாண் என்பது முதுகில் எங்கிருந்து எங்கே. மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது, வேறு வேலை தெரியாத மனம். வெடித்தால் சத்தம் எனக்குக் கேட்காது, குண்டு சத்தத்தை முந்திக்கொண்டு வந்துவிடும், ஆகவே எதுவும் கேட்காத ஒவ்வொரு நொடியும் இரண்டு மாதிரியும் இருக்கலாம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது கேட்டது. அதைக் கேட்டதால் இன்னும் இருக்கிறார். மறுபடி சொட்டியது. இன்னும் இருக்கிறார். பாதை வளைகிற இடத்தில், தாங்க முடியாமல், திரும்பிப் பார்த்தார். மேலே மூடுபனியில் ஞானதுரை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், அல்லது பாறையின் ஓரம் அப்படித் தெரிந்தது. கையசைத்த மாதிரி இருந்தது. தணிகாசலத்தின் கையும் பழக்கத்தில் பாதி உயர்ந்தது. அதைக் கீழே இறக்க அவர் சிரமப்பட வேண்டியிருந்தது.

களத்தில் மூடுபனி அவ்வளவாக இல்லை. சிமெண்டுத் தரையில் காயப்போட்டிருந்த மிளகை ஒரு பெண் துடைப்பத்தால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர் போட்டிருந்தாள். புதிய ஆள் வருவதைப் பார்த்துத் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"முதலாளி பங்களா மேல இருக்குங்கய்யா."

"அங்கேயிருந்துதான் வரேன். நான் தணிகாசலம். உங்க வீட்டுக்காரர் கேஸ்ல சாட்சி சொன்னேன். துப்பாக்கியைப் பரிசோதனை பண்ணது நான்தான்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "அப்ப முடி கறுப்பா இருந்துச்சு" என்றாள்.

உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே அவர் அட்டையைக் காட்டினார். துளையைக் காட்டினார். இந்தக் குண்டு எதன்மேலும் படவில்லை, இருந்தும் இப்படி விழுந்திருக்கிறது என்றார். நான் அன்றைக்குச் சுட்டுப் பார்த்தது வேறு குண்டு, குட்டைக் குண்டு, சுட்டுப் பார்க்க வேண்டியது இது என்றார். பாறையில் இருந்தது பாசி என்றார். கல்லில் பட்டுத் திரும்பவில்லை, நேராக அவர் மேலேயே சுட்டது, நான் சொன்னது தப்பு என்றார். இத்தனையையும் எவ்வளவு சின்ன வாக்கியங்களில் சொல்ல முடிகிறது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தார், அது இன்னொரு முறை காப்பி குடிப்பதுபோல இருக்கும் என்று பட்டது, சொல்லவில்லை.

அவள் அட்டையைத் தொடவில்லை. அழவும் இல்லை. துடைப்பத்தில் ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாக எடுத்துக் குவியலில் போட்டாள்.

"கல்லுல பட்டா கல்லும் சத்தம் போடும்லய்யா" என்றாள். "நான் மேக்காலதான் வெறகு பொறுக்கிக்கிட்டு இருந்தேன். ஒரு சத்தந்தான் கேட்டுச்சு. கல்லு சத்தம் கேக்கல. அன்னைக்கு வந்த போலீசுகிட்ட சொன்னேன், கோர்ட்டு வாசல்லயும் ஒருத்தர்கிட்ட சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும், மிஷின் சொல்லுதுன்னாங்க. ஒருத்தரும் எழுதிக்கல."

தணிகாசலம் அந்தக் கோப்பை எத்தனை முறை புரட்டியிருப்பார்? அதில் இவள் வாக்குமூலம் என்று ஒரு தாள்கூட இருந்ததாக நினைவில்லை. மேலே எங்கோ ஒரு நாய் குரைத்து அடங்கியது. அவர் தலையைத் தூக்கிச் சரிவைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை மட்டும் மெல்ல மெல்லக் களத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் இங்கேயும் எதுவும் தெரியாது. அவர் மிளகு மூட்டை ஒன்றின்மேல் அட்டையைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது, துளையைத் தவிர. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். விரல் விறைத்துப் போயிருந்தது, மூடியைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது. தேதி போட்டார். இடம் போட்டார். எழுதப்போவது எந்த நீதிமன்றத்துக்குப் போகும், போனால் யார் படிப்பார்கள், படித்து என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார். "முதல்லருந்து சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்தாள். ஸ்வெட்டரின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கூண்டில் ஏறி நிற்பவளைப்போலக் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"என் பேரு வெள்ளத்தாயி" என்று ஆரம்பித்தாள்.